சேர்மனின் வியர்வை

மார்ச் 3, திங்கள்

இன்று காலை ரேடியோவில் என் ‘வியப்பூட்டும் ஆப்பிரிக்கா’ நிகழ்ச்சியில் மாலி அரசர் மான்சா மூசா. மெக்காவுக்குப் போகிற வழியில் கெய்ரோவில் அவர் அள்ளிக் கொடுத்த தங்கத்தால் அங்கே தங்கத்தின் மதிப்பே விழுந்துபோன கதை. வாரக் கடைசி முழுக்க உட்கார்ந்து தயாரித்தது. வந்தது ஒரே ஒரு போன்.

“அந்த ராஜா நம்ம லுவோ ஜனமா?”

“இல்லைங்க, மாலிக்காரர்.”

“அவங்க அம்மா?”

தெரியாது என்றேன். அப்படியென்றால் எதற்கு ரேடியோவில் பேசுகிறாய் என்று கேட்டு வைத்துவிட்டார்.

இயக்குநர் ஒலாங்கோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “அபோண்டி, மரண அறிவிப்புக்கு ஜனங்க வரிசையில நிக்கிறாங்க. உன் மூணு நிமிஷத்த அவங்களுக்குக் குடுத்துடலாமான்னு யோசிக்கிறேன். மாசக் கடைசி வரைக்கும் பாப்போம்.”

செத்தவர்களோடு போட்டி. ஜெயிக்க முடியுமா?

மார்ச் 5, புதன்

நீர்யானை. அதன் தோலில் சிவப்பாக ஒரு நீர் கசியும். ரத்தம் இல்லை, சரியாகச் சொன்னால் வியர்வைகூட இல்லை. அது வெயில் சுடாமல் தோலைக் காக்கும், கிருமியையும் தடுக்கும். எங்கள் ஏரிக்கரையில் படுத்துக் கிடக்கும் கிழட்டு நீர்யானையையே உதாரணம் சொன்னேன். அதற்குப் படகுக்காரர்கள் வைத்த பெயர் சேர்மன். வந்தால் எல்லோரும் எழுந்து வழிவிடுகிறார்கள், அதுவாக ஒரு வேலையும் செய்வதில்லை என்பதால்.

மத்தியானம் வரை போன் ஓயவில்லை. ஒலாங்கோ எனக்கு டீ வாங்கித் தந்தார்.

மார்ச் 6, வியாழன்

ஒமேனா மீன் விற்கிற நெரேயா இன்று மீன் விற்கவில்லை. சின்னச் சின்னப் புட்டிகளில் சிவப்பாக ஏதோ. பக்கத்தில் ஸ்பீக்கர். அதில் என் குரல் — “வெயில் சுடாமல் தோலைக் காக்கும், வெயில் சுடாமல் தோலைக் காக்கும்.”

“என்ன நெரேயா இது?”

“சேர்மன் வேர்வை.”

“யாரு எடுத்தா?”

“அவரே குடுத்தாரு.”

மூடியைத் திறந்து முகர்ந்தேன். “பீட்ரூட் வாசன வருதே.”

“அவரு காலைல என்ன தின்னாரோ, எனக்கென்ன தெரியும்?”

மார்ச் 8, சனி

மறுப்புச் சொன்னேன். நீர்யானை ஆளைக் கொல்லும், கிட்டப் போகாதீர்கள், சந்தையில் விற்பது போலி என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். பிறகு போனில் பேசியவர்கள் எல்லோரும் ஒரே விஷயம்தான் சொன்னார்கள் — இவ்வளவு மறைக்கிறார்கள் என்றால் மருந்து உண்மைதான். நெரேயாவிடம் புட்டி தீர்ந்துவிட்டதாம்.

மார்ச் 10, திங்கள்

மீன்பிடிக்கிற என் கொழுந்தன் ஒடியெரோ வந்தான்.

“அண்ணி, சேர்மனுக்கு எந்த நேரத்துல அதிகமா வேர்க்கும்?”

“ஏன், விசிறிவிடப் போறியா?”

சிரிக்கவில்லை. வெளியே கூட்டிப்போய்க் காட்டினான். படகு தள்ளுகிற நீளக் கழி. அதன் நுனியில் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிற உருளை, கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. புத்தம் புதிது.

“நெரேயாகிட்ட இருக்கிறது பொய். எனக்கு நெஜமானது வேணும்.”

உனக்குப் பைத்தியமா, போன வருஷம் அக்கரையில் நீர்யானை கடித்து ஆள் செத்தது மறந்துவிட்டதா என்று கத்தினேன். அவன் கழியைப் பார்த்தபடியே சொன்னான்: “அலுவோச்சுக்குத் தோள் மறுபடி கொப்பளிச்சுப் போச்சு அண்ணி.”

அலுவோச் அவன் மகள். பிறந்ததிலிருந்தே தோலில் நிறமில்லாத குழந்தை. வெயில் பட்டால் வெந்துவிடும். மருத்துவமனையில் தருகிற களிம்பு கிறிஸ்துமஸுக்குப் பிறகு வரவே இல்லையாம்.

விசாரிக்கிறேன், அவசரப்படாதே என்றேன். தலையாட்டினான். அதை நம்பினேனே.

மார்ச் 11, செவ்வாய்

ஒடியெரோ இன்று செத்துப் பிழைத்தான். ஆனால் நினைத்தால் சிரிப்பும் வருகிறது, என்ன ஜென்மம் நான்.

பத்து மணிக்குப் போயிருக்கிறான். சேர்மன் கோரைப் பக்கம் சேற்றில் தூக்கம். படகில் நின்றபடி கழியை நீட்டி அதன் முதுகில் மேலிருந்து கீழாக ஒருமுறை உருட்டினானாம், சுவருக்கு அடிப்பதுபோல நிதானமாக. கரையில் நின்றவர்கள் உருளை படாமல் விட்ட இடத்தை வேறு கைகாட்டியிருக்கிறார்கள். இரண்டாவது முறை உருட்டும்போது சேர்மன் கண் திறந்தது. உருளை போயிற்று, கழி போயிற்று, படகு கவிழ்ந்தது. ஒடியெரோ இடுப்பளவுத் தண்ணீரில் ஓடி அத்திமரத்தில் ஏறிவிட்டான். பின்னாலேயே வந்த சேர்மன் மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பக்கத்தில் மீன் எடைபோடுகிற கொட்டகைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

நான் ஓடிப்போனபோது கரையே திரண்டிருந்தது. வனவிலங்குத் துறைக்குப் போன் போட்டேன்.

“மிருகம் என்ன பண்ணுது?”

“படுத்திருக்கு.”

“யார் மேலயாவது?”

“தரையிலதான்.”

“அப்ப அவசரமில்லையே.”

ஒலாங்கோ மூச்சிரைக்க வந்து என் கையில் மைக்கைத் திணித்தார். நேரடி ஒலிபரப்பு. மரத்துக்குப் போன் போடச் சொன்னார். நல்லவேளை, ஒடியெரோ போனை பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கழுத்தில் மாட்டியிருந்தான்.

“ஒடியெரோ, எங்க இருக்க?”

“மரத்துல அண்ணி.”

“எந்த மரம்?”

“சேர்மன் ஏறாத மரம்.”

கரை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிப்போடுதான் கேட்டேன், எதுக்குடா இந்த வேலை என்று. 

“எம் பொண்ணு பள்ளிக்கூடம் போயிட்டு சாயங்காலம் வெந்து வருது அண்ணி. மருந்து வந்தா நான் ஏன் மிருகத்துகிட்ட போறேன்?”

யாரும் சிரிக்கவில்லை. சேர்மன் மட்டும் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டது. அதுவும் ஒலிபரப்பானது.

சாயங்காலம் அது தானாக எழுந்து ஏரிக்குப் போனது. அதன் பிறகு வனவிலங்குத் துறை அதிகாரி வந்தார்.

“மிருகத்த என்னய்யா பண்ண? பெயிண்ட் அடிச்சியாமே?”

“அடிக்கல சார், எடுத்தேன்.”

அதற்கு என்ன குற்றம் என்று அவருக்கும் தெரியவில்லை. எச்சரித்துவிட்டுப் போனார்.

மார்ச் 12, புதன்

ஒட்டகச்சிவிங்கியைப் பற்றிப் பேசுவதாக இருந்தேன். தாளை மடித்து வைத்துவிட்டேன்.

“இன்றைய வியப்பூட்டும் தகவல். வருஷம் பூராவும் வெயில் காய்கிற இந்த ஊரில், கிறிஸ்துமஸிலிருந்து வெயில் களிம்பு இல்லை. அது இல்லாமல் எத்தனை பிள்ளைகள் வெந்துகொண்டிருக்கிறார்கள் என்று யாரைக் கேட்டாலும் தெரியாது என்கிறார்கள்.” அவ்வளவுதான். மைக்கை அணைத்துவிட்டேன்.

“இது தகவலா, புகாரா?” என்றார் ஒலாங்கோ.

“உங்களுக்கு வியப்பா இல்லையா?”

கடிகாரத்தைப் பார்த்தார். “மிச்ச ரெண்டு நிமிஷத்துக்குப் பாட்டு போடட்டுமா?”

பாட்டு முடிவதற்குள் மூன்று அம்மாக்கள் போன் செய்துவிட்டார்கள். எங்கள் பிள்ளைக்கும் இல்லை, எங்கள் பிள்ளைக்கும் இல்லை.

மார்ச் 20, வியாழன்

கிசுமு நகரத்து மருந்துக் கிடங்கிலிருந்து மூன்று பெட்டி களிம்பு வந்தது, மட்டாட்டு வேனின் கூரையில், கோழிக் கூடைகளுக்கு நடுவே. அனுப்பியவர் நேற்றே போனில் சொன்னார், ரேடியோவில் கொட்டாவியைக் கேட்டுவிட்டு அலுவலகமே சிரித்ததாம், மறுநாள் களிம்பு இல்லை என்று நான் சொன்னதும் கிடங்கைத் திறந்து தேடினார்களாம்.

பெட்டியை இறக்குவதற்குள் ஊரே வரிசை. சேர்மன் க்ரீம் எங்கே என்று பாதிரியார் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு கேட்கிறார். ஒலாங்கோ தொண்டை கிழியக் கத்தியும் பயனில்லை. கடைசியில் நெரேயா ஒரு பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு நடந்தாள். வாசலில் கால் அகட்டி நின்றாள்.

“கைய நீட்டு. நெறம் இருக்கு. போ. அடுத்தது... பாஸ்டர், உங்க தலையிலயும் நெறம் இருக்கு. போங்க.”

மார்ச் 31, திங்கள்

மரண அறிவிப்பு ஆறே காலுக்கு மாறியிருக்கிறது. எனக்கு ஐந்து நிமிஷம்.

ஏப்ரல் 5, சனி

மூன்று மணி வெயிலில் ஒடியெரோ வீட்டுக்குப் போனேன். தூரத்திலேயே சத்தம் கேட்டது. நீளக்கைச் சட்டையும் அகலத் தொப்பியுமாக அலுவோச் முற்றத்தில் நின்று, பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளைகளோடு மல்லுக்கு நின்றாள். மூக்கின் மேல் களிம்பு வெள்ளையாகத் திட்டுத் திட்டாய். என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தாள், சண்டை முடியவில்லை.

அவள் அம்மா உள்ளே மாவு கிளறிக்கொண்டிருந்தாள். வெளியே எட்டிப் பார்த்தாள். வெயில், உள்ள வா என்று மகளைக் கூப்பிடவில்லை.