இரண்டு விரலுக்கு ஒரு யூகுலேலே

என் சாமுக் கண்ணுக்கு,

நீ கேட்ட யூகுலேலே வந்துவிட்டது. சித்திரையில் உன்னை அடக்கம் பண்ணினோம், ஆவணியில் இது வந்து நிற்கிறது. சிங்கப்பூரிலிருந்து கப்பலிலும் ரயிலிலுமாக மடியில் வைத்தே கொண்டுவந்த பெனடிக்ட் மாமாவுக்கு உன் சேதி போய்ச் சேரவில்லை. நம் ராயபுரம் வீட்டு வாசலில் நின்று, சிரித்த முகத்தோடு, "எங்கீங்க நம்ம சாமு?" என்று கேட்டார். அம்மா உள்ளே போய்விட்டாள். நான்தான் சொன்னேன்.

பார்க்கக் கிட்டாருக்குக் கடைக்குட்டி மாதிரி இருக்கிறது. நாலே தந்தி, எல்லாம் நைலான். புது வார்னிஷ் வாசம் இன்னும் போகவில்லை. நீ இருந்திருந்தால் என்னைத் தொடவே விட்டிருக்க மாட்டாய், எனக்குத் தெரியும்.

மண்ணரையில் இருக்கிற கம்பெனியில் பனியன் மிஷினின் பல்சக்கரம் உன் இடது கையில் சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் எடுத்துக்கொண்ட பிறகு, கோயில் கிட்டாரை நீ திரும்பிப் பார்க்கவில்லை. கை மாற்றிப் பிடித்தும் பார்த்தாய். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை, எரிச்சலில் விட்டுவிட்டாய். அப்புறம்தான் யாரோ இந்தப் பேரைச் சொன்னார்கள். சின்னது, மெத்தென்று இருக்கும், இரண்டு விரல் போதும் என்றார்கள். அதைப் பிடித்துக்கொண்டு நீ எப்படிப் பேசினாய்! மஞ்சள் காமாலையில் கண்ணெல்லாம் மஞ்சளாகிக் கிடந்தபோதும் அதே பேச்சுதான். "தந்தி ஒசரமா இருக்கக் கூடாதுக்கா. ஒசரமா இருந்தா ரெண்டு விரலுக்கு அமுத்த வராது. வந்தவொடனே அதத்தான் பாக்கோணும்."

நீ பார்க்காமல் போனதை நான் பார்க்க வேண்டியதாயிற்று. மாமா போன பிறகு அம்மா கேட்டாள். "அவனால வாசிச்சிருக்க முடியுமா கண்ணு? பாத்துச் சொல்லு." வேறு எதுவும் அவள் என்னிடம் கேட்கவில்லை. ஊர் உலகமெல்லாம் சொன்ன ஆறுதலை அவள் காதில் வாங்கவே இல்லை. இது ஒன்றுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

கம்பெனியில் பனியன் மடிக்கிறவள் நான். வேஸ்ட் துணியில் ஒரு துண்டைக் கிழித்து என் இடது கையின் கடைசி இரண்டு விரலையும் உள்ளங்கையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். கட்டிலில் உட்கார்ந்து தந்தியை அழுத்தினேன். கழுத்துப் பலகைக்கும் தந்திக்கும் நடுவில் பென்சிலே நுழையும் போல இருந்தது. விரல் நுனியை அறுத்தது. இரண்டு தடவை அழுத்துவதற்குள் கை விண்ணென்று தெறித்தது. நீ எதற்குப் பயந்தாயோ அதுவே.

மறுநாள் உன் கூட்டாளி காதரைக் கூப்பிட்டேன். மிஷின் பிட்டர் வேலை பார்க்கிறவனைத் தவிர வேறு யாரை இந்த ஊரில் கூப்பிடுவது? மிஷினில் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளை எடுத்துவந்து தந்திக்கு அடியில் ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தான். "இத்தன சந்து உட்டா எங்க மிஷின்ல துணியே வராதுங்கக்கா" என்றான். தந்தியைத் தாங்குகிற வெள்ளை எலும்புக் கட்டையைக் கழற்றி அரத்தில் தேய்த்தான். மிஷினில் சந்து குறையக் குறைய வேலை சுத்தம் இல்லையா? அந்த நினைப்பில் தேய்த்துக்கொண்டே போய்விட்டான். மாட்டித் தட்டினால் தந்தி கழுத்துப் பலகையில் பதித்த மெட்டுக் கம்பிகளில் மோதிக் கர்ர்ரென்று இரைகிறது. தந்திக்கு ஆட இடம் வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் அப்போதுதான் உறைத்தது.

"கெடுத்துப் போட்டனுங்களாக்கா?" என்று கேட்டவனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆடுகிற மிஷின் காலுக்கு வைப்பது போல, எலும்புக்கு அடியில் பனியன் துணியை மடித்து வைத்தான். இரைச்சல் நின்றது, கூடவே சத்தமும் செத்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது சாமு. நீ போன பிறகு முதல் சிரிப்பு, அதுவும் உடனே நின்றுபோனது. கடைசியில் தன் எருமைக்கொம்புச் சீப்பை அறுத்துப் புதுக்கட்டை செய்தான். கொஞ்சம் தேய்ப்பது, மாட்டுவது, தட்டிப் பார்ப்பது, மறுபடி தேய்ப்பது என்று மத்தியானம் முழுக்கப் போனது.

"இப்ப நோவுதுங்களா?"

"இல்ல காதரு. நோவுல."

உண்மையாகவே நோகவில்லை. விரலை வைத்தால் போதும், தந்தி தானாக இறங்கியது. மேலேயிருந்து கீழேவரை எங்கே தொட்டாலும் சுத்தமான சத்தம். காதர் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பெனடிக்ட் மாமா போகும்முன் மூன்று பிடி, அதாவது தந்திகளில் விரல் வைக்கும் மூன்று விதம், சொல்லிக் கொடுத்திருந்தார். அது மூன்றும் தெரிந்தால் பாதிப் பாட்டை ஒப்பேற்றிவிடலாமாம். முதல் பிடிக்கு ஒரே விரல், வந்தது. இரண்டாவதற்கு இரண்டு விரல், அதுவும் வந்தது. மூன்றாவதற்கு மூன்று விரல் வேண்டும்.

கட்டின கையோடு எத்தனை விதமாகத் திருப்பிப் பார்த்தேன் தெரியுமா? ஒரு தந்தியை விட்டால் பாட்டு மூளியாகிறது. இரண்டு தந்தியை ஒரே விரலால் அமுக்கினால் மற்றது செத்துப்போகிறது. காதர் அரத்தைப் பையில் வைத்துக் கட்டினான். எழுந்தபோது சொன்னான், "இதுக்கும் வேற வழி இருக்குமுங்கக்கா. அவனா இருந்தா கண்டுபுடிச்சிருப்பானுங்க."

இருக்கிறதா சாமு? எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கண்டுபிடிக்கக் கூடியவன் நீ ஒருவன்தான், நீதான் இல்லை. பரலோகத்தில் உன் கை முழுசாக இருக்கும் என்று போதகர் சொல்கிறார். இருக்கட்டும். எனக்கு அது இங்கே வேண்டியிருந்தது.

சாயங்காலம் அம்மா வந்து எதிரில் உட்கார்ந்தாள். "வாசிச்சிருப்பாம்மா. தந்தி பூ மாதிரி இருக்குது. நல்லாவே வாசிச்சிருப்பான்" என்றேன். மனசு ஆறுவாள் என்று நினைத்தேன்.

"அப்ப அந்த ஆண்டவரு இன்னுங் கொஞ்ச நாள் உட்டு வெச்சிருக்கலாமே" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். உன்னை எடுத்தபோதுகூட அவள் இப்படி அழவில்லை. முடிந்திருக்காது என்று சொல்லியிருந்தால் எப்படி அழுதிருப்பாள்? அதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் சத்தியம் செய்கிறேன். அம்மா இருக்கும்வரை நம் வீட்டில் மூன்று விரல் கேட்கும் அந்த மூன்றாவது பிடியை யாரும் பிடிக்க மாட்டார்கள், நானும்தான். அவளைப் பொறுத்தவரை நீ வாசித்திருப்பாய்.

உன் கூடப் பிறந்தவள்,
அக்கா எஸ்தர்