மணிக்குக் குறுக்கே சிவப்புக் கோடு

பாறசாலை,
ஞாயிறு மதியம்.

அன்பு மகள் ஜிஜாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையில் நானும் அம்மாவும் சஜுவும் சண்டை போடும் அளவுக்குச் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் மருமகன் அனூப்பும் குட்டியும் அந்த அயர்லாந்து குளிரில் இருமல் தும்மல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று குடும்ப ஜெபத்தில் உங்கள் மூன்று பேர் பெயரையும் சொல்லித்தான் ஆமென் சொல்கிறோம். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொல்ல வாயெடுத்தால் சஜு வந்து பக்கத்தில் நிற்கிறான், தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றால் அவனுக்கு அது நன்றாகவே தெரிகிறது. அம்மாவோ நான் ஒன்று சொல்லி முடிக்கும் முன் இரண்டு திருத்தம் சொல்வாள். காகிதத்தில் குறுக்கே பேச ஆளில்லை. நீ மலையாளத்தில் படித்தவள் என்றாலும் சர்ச் ஓய்வுநாள் பள்ளியில் படித்த தமிழ் மறந்திருக்காது, மறந்திருந்தால் எழுத்துக்கூட்டி வாசி.

அம்மாவுக்குப் பிரஷர் கூடித்தான் இருக்கிறது, காரக்கோணம் ஆஸ்பத்திரியில் காட்டி மாத்திரையை மாற்றியாயிற்று, உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், அவள் என் சாப்பாட்டில் குறைத்திருக்கிறாள். மழை விடவில்லை. இனி உன் கூடப்பிறந்தவன் சஜு விஷயத்துக்கு வருகிறேன். உனக்குத் துண்டு துண்டாகத் தெரிந்ததுதான், ஆனாலும் முதலிலிருந்து எழுதினால்தான் எனக்கே ஏதாவது பிடிபடும், இந்த மூன்று மாதமாக எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

புத்தி வளர்ச்சி மெதுவான, பதினெட்டு வயது தாண்டிய பிள்ளைகளுக்காகப் பஞ்சாயத்து நடத்தும் சென்டரில் சஜு எட்டு வருடமாகக் காகிதக் கவர் ஒட்டிக்கொண்டிருந்தான் இல்லையா, காலையில் வேன் வரும், சாயங்காலம் வேன் கொண்டு விடும், நாமும் நிம்மதியாக இருந்தோம். அங்கே வந்த புது டீச்சர் லேகாதான் இதை ஆரம்பித்தது. இவர்களை இப்படி ஒரே அறைக்குள் உட்கார வைத்தது போதும், வெளியே சாதாரண ஆட்கள் வேலை செய்யும் இடத்தில் சேர்த்துவிடும் திட்டம் ஒன்று வந்திருக்கிறது, முதல் சில வாரம் நான் கூடவே நிற்பேன், பிறகு மெல்ல விலகிக்கொள்வேன், மூன்று மாதம் பார்ப்போம் என்றாள். முப்பத்தொரு வயதில் இவனுக்கு இனி வேலையா என்று நான் கேட்டேன். உங்களுக்கு எத்தனை வயதில் வேலை கிடைத்தது அங்கிளே என்று அவள் திருப்பிக் கேட்டாள். பஸ்ஸில் கண்டக்டராக எத்தனையோ பேரிடம் வாய் கொடுத்தவன் நான், அந்தப் பெண் நீட்டிய பேப்பரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அப்படித்தான் வெள்ளறடை ரோட்டில் கிருஷ்ணன்குட்டியின் பேக்கரியில் சஜு சேர்ந்தான். பன் ஆறியதும் ஆறு ஆறாகக் கவரில் போட்டுக் கட்டவேண்டும், தட்டுகளைத் துடைத்து அடுக்கவேண்டும், பின்வாசலைச் சாத்தியே வைக்கவேண்டும். லேகா ஒரு அட்டையில் எல்லாவற்றையும் படமாக ஒட்டிச் சுவரில் மாட்டினாள், கை கழுவும் படம், தொப்பி, ஆறு பன், சாத்திய கதவு, கடைசியில் ஐந்து மணி காட்டும் கடிகாரம். அவன் அதைப் பார்த்துப் பார்த்துச் செய்தான். ஒரு கவரில் கூட ஐந்தோ ஏழோ போனதில்லை என்று கிருஷ்ணன்குட்டியே சொன்னான். முதல் வாரம் நான் எதிர்க்கடை வாசலில் பேப்பர் வாசிப்பதுபோல் உட்கார்ந்து பார்த்தேன். லேகா வந்து, அங்கிளே பேப்பர் தலைகீழா இருக்கு, வீட்டுக்குப் போங்க என்றாள்.

இரண்டாம் மாதம் நம் சபை மூப்பர் ஞானையன் இறந்துபோனார். காலை பத்து மணிக்கு சர்ச் மணி விட்டு விட்டு ஒவ்வொன்றாக அடித்தது. அது கேட்டால் நம் ஆட்கள் என்ன செய்வோம் என்று உனக்குச் சொல்லவேண்டாம், மண்வெட்டியோ கரண்டியோ கையில் இருப்பதைப் போட்டுவிட்டுத் துக்க வீட்டுக்குப் போவோம். சஜுவுக்கு மூன்று வயதிலிருந்து அம்மா கைபிடித்துக் காட்டிய பாடம் அது, அவன் ஒழுங்காகப் படித்ததும் அது ஒன்றுதான். யார் செத்தாலும் நாற்காலி இறக்க முதலில் போய் நிற்பவன் அவன்தானே. பேக்கரியிலும் மணி கேட்டது, கையிலிருந்த கவரைக் கீழே வைத்தான், தொப்பியைக் கழற்றினான், பின்வாசல் வழியாக நேரே ஞானையன் வீட்டுக்குப் போய்விட்டான். திறந்து கிடந்த கதவு வழியாகத் தெரு நாய்கள் வந்து அன்றைக்குச் சுட்ட பன் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுவிட்டன. துக்க வீட்டில் அவனைப் பார்த்த நானும், வேலை நேரமாயிற்றே என்று ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை, வந்தியா மக்கா, அந்தப் பக்கம் நாற்காலி போடு என்றுதான் சொன்னேன். பார்த்துக்கொள், புத்தி யாருக்கு மெதுவென்று.

கிருஷ்ணன்குட்டி நல்லவன்தான், ஆனால் அவனுக்கு இந்த மணிக் கணக்கு தெரியாது. அண்ணா, வீட்டு ஆள் செத்தா லீவு கொடுப்பேன், ஊரில எவரு செத்தாலும் இவன் போவான்னா நான் கடை நடத்தண்டாமா என்று கேட்டான். நியாயம்தானே. சபையில் எல்லாரும் நம் வீட்டு ஆள்தான் என்று சஜுவுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோமே என்றாள் அம்மா, அதுவும் நியாயம்தானே. நான் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு வந்தேன். பஸ்ஸில் ஒரு பெல் அடித்தால் நிற்கவேண்டும், இரண்டு அடித்தால் போகவேண்டும், முப்பது வருடம் அந்தக் கயிற்றைப் பிடித்து இழுத்தவன் நான், இந்த மணிக்கு மட்டும் நிற்பதா போவதா என்று சொல்லத் தெரியவில்லை. கடைசியில் லேகா அட்டையில் ஒரு சர்ச் மணிப் படம் ஒட்டி அதற்குக் குறுக்கே சிவப்பில் ஒரு கோடு போட்டாள். அதைப் பார்த்து அம்மா ஆடிய ஆட்டம் இருக்கிறதே, கர்த்தருடைய வீட்டு மணியை வெட்டிப் போட்டாளே என்று இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. லேகா அசரவில்லை, மணிச் சத்தத்தைப் போனில் பிடித்து வைத்து பேக்கரியில் திடீர் திடீரென்று போடுவாள், சஜு அசையாமல் பன் கட்டிக்கொண்டிருந்தால் எல்லாரும் கைதட்டுவார்கள். நானும் என் பங்குக்குத் தினமும் காலையில், எலே மக்கா, மணி அடிச்சாலும் போவாண்டாம், அப்பாவாக்கும் சொல்லுதேன் என்று சொல்லித்தான் அனுப்பினேன். வேலை போய்விடக் கூடாதே, மறுபடியும் அந்த அறைக்குள் காகிதம் ஒட்டப் போய்விடக் கூடாதே என்ற பயம் எனக்கு. பேக்கரிக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் அவன் காலையில் தானாக எழுந்து தலை சீவுகிறான், அதை நீ போனில் பார்க்கவில்லை.

இந்த மாதம் சரோஜம் மாமி போய்விட்டாள். போனில் சொன்னபோது நீ அழுதாய், மீதியை நான் சொல்லவில்லை. நம் பக்கத்து வீடு, சஜுவுக்கு இட்ட தேநீரில் ஒரு நாளும் சர்க்கரை குறைக்காதவள். மணி அடித்தபோது எனக்கு உடனே தோன்றியது அவனைக் கூப்பிடவேண்டும் என்று, அடுத்த நிமிடம் தோன்றியது, மூன்று மாதம் முடிய ஒரே வாரம்தான் இருக்கிறது, இப்போது கூப்பிட்டால் சொல்லிக் கொடுத்ததெல்லாம் வீண் என்று. சும்மா இருந்துவிட்டேன். போகிறவர் வருகிறவரெல்லாம் சஜு எங்கே, சஜு எங்கே என்று கேட்டார்கள். பெட்டி மூடும் நேரத்தில் அம்மா என்னைப் பார்த்த பார்வை தாங்காமல் ஆட்டோ பிடித்துப் பேக்கரிக்குப் போனேன். வா மக்கா, சரோஜம் மாமி மரிச்சுப் போனா, அப்பா விளிக்கேன் என்றேன். அவன் தலை தூக்கவில்லை. சுவரில் இருந்த சிவப்புக் கோட்டைக் காட்டினான். ஜோலி உண்டு, அஞ்சு மணி ஆவல்ல என்றான். கிருஷ்ணன்குட்டியும் போடா போ என்று சொல்லிப் பார்த்தான், அவன் நகரவில்லை. நாங்கள் எல்லாரும் சேர்ந்து பரீட்சை வைக்கிறோம் என்று நினைத்திருக்கிறான், பாவம். காலையில் மணி அடித்து நின்றதும் தலையைத் தூக்கி எல்லார் முகத்தையும் சிரித்துக்கொண்டே பார்த்தானாம், கைதட்டுவார்கள் என்று. யாரும் தட்டவில்லை என்றதும் மறுபடி குனிந்து பன் கட்ட ஆரம்பித்தானாம். கிருஷ்ணன்குட்டி இதைச் சொன்னபோது எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழவேண்டும்போல் இருந்தது. அடக்கம் அவன் இல்லாமலே முடிந்தது. சாயங்காலம் வந்து பக்கத்து வீட்டில் ஆள் இல்லாததைப் பார்த்தபிறகுதான் புரிந்தது அவனுக்கு. கத்தவில்லை, சாப்பிடவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. மறுநாள் அம்மா கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள், என்னை வரவேண்டாம் என்று கையைக் காட்டினான். நான் ஜெயித்தேனா தோற்றேனா, நீ சொல் ஜிஜா. சொன்ன சொல்லைத் தவறாமல் கேட்கும் பிள்ளை வேண்டும் என்றுதானே எல்லாரும் கேட்கிறார்கள்.

நான் லேகாவிடம் போய்ச் சத்தம் போட்டேன், அவள் எதிர்த்துப் பேசவில்லை, கண் கலங்கினாள். தப்பு எனக்கும் உண்டு அங்கிளே, மாற்றுவோம் என்றாள். என் பாஸ்போர்ட் போட்டோ ஒன்றை வாங்கி அட்டையில் மணிக்குப் பக்கத்தில் ஒட்டினாள், சிவப்புக் கோட்டைக் கிழித்தெடுத்தாள். இப்போது சட்டம் என்னவென்றால், மணி மட்டும் அடித்தால் வேலை, மணி அடித்து அப்பாவும் வந்து முதலாளியிடம் சொன்னால் போகலாம். நாலைந்து நாள் அதைப் பழக்கினோம். எனக்கு மனது கொஞ்சம் ஆறியது. வெள்ளிக்கிழமை மூன்று மாதம் முடிந்து பேப்பர் வந்தது, வழக்கம்போல் நான் பேனாவை எடுத்தேன், லேகா என் கையைப் பிடித்து நிறுத்தினாள், கையெழுத்து சஜுவுடையதாம், தொடரவேண்டுமா வேண்டாமா என்று அவன்தான் சொல்லவேண்டுமாம். அவனுக்குப் பள்ளிக்கூட ரெஜிஸ்டர் முதல் ஆதார் வரை எல்லாவற்றுக்கும் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட்டவன் நான். அவன் சுவர் அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தான், உண்டு, வாறேன் என்றான், தன் பெயரின் இரண்டு எழுத்தைக் கால் மணி நேரம் எழுதினான்.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில்தான் கேட்டான். அப்பா, நீங்க சாவும்பம் மணி அடிக்கும் இல்லியா என்றான். அடிக்கும் மக்கா என்றேன். அப்பம் ஆரு வந்து முதலாளிட்ட சொல்லுவா என்றான்.

ஜிஜா, நீங்கள் எல்லாம் எனக்குப் பிறகு சஜு என்ன ஆவான் என்று போனில் கிசுகிசுவென்று பேசுவீர்கள், நானும் அம்மாவும் படுக்கையில் பேசுவோம், அவன் முன்னால் யாரும் பேசியதில்லை. அவன் நடு ரோட்டில் நின்று, எனக்கு லீவு உண்டா இல்லையா என்று கேட்கிறதுபோல் கேட்டான். அழவில்லை, பயப்படவும் இல்லை, அந்த அட்டையில் ஒரு குறை இருக்கிறது, அதைக் கண்டுபிடித்துச் சொன்னான், அவ்வளவுதான். நானும் லேகாவும் கிருஷ்ணன்குட்டியும் சேர்ந்து யோசித்துக் கண்டுபிடிக்காத குறை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு வீடு வரை வந்தேன்.

நேற்று காலையில் கிருஷ்ணன்குட்டியிடம் போனேன். நான் செத்தால் சஜுவுக்கு அன்றைக்கு லீவு வேண்டும், நானே வந்து இப்போதே சொல்லிவிடுகிறேன், அம்மாவுக்கும் சேர்த்துத்தான் என்றேன். அவன் மாவுக் கையோடு கும்பிட்டு, என்ன வர்த்தமானமாக்கும் அண்ணா இது, காலையிலேயே கடையில வந்து என்று கத்தினான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, நானே அவனைக் கூட்டிக்கொண்டு வாறேன் என்றான். சஜுவைக் கூப்பிட்டு அவன் முன்னாலேயும் சொல்ல வைத்தேன். சஜு கேட்டுத் தலையாட்டிவிட்டுப் பன் கட்டப் போய்விட்டான். செய்தது சரியா, கிறுக்குத்தனமா என்று இன்றைக்கு ஆராதனையில் பாதி நேரம் அதுதான் யோசனை, பிரசங்கம் எதைப் பற்றி என்று அம்மா கேட்டபோது மாட்டிக்கொண்டேன்.

குட்டிக்குத் தலையில் எண்ணெய் வை, அங்கே யாரும் வைப்பதில்லை என்று நீயும் விட்டுவிடாதே. அனூப்பிடம் ஐஸ் கிடக்கும் ரோட்டில் வண்டியை மெதுவாக ஓட்டச் சொல். சஜுவைக் கூப்பிடுவதானால் இங்கே ஆறு மணிக்குப் பிறகு கூப்பிடு, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்காதே, இன்றைக்கு எத்தனை கவர் கட்டினாய் என்றும் கேள். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காத்து, கைகளின் வேலையை ஆசீர்வதிப்பாராக. ஒன்று மட்டும் மறக்காதே. பேக்கரி நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், உன் போனில் போட்டு வை. எங்களுக்கு ஏதாவது ஆனால் முதல் போன் உனக்கு வராது மக்கா, அங்கேதான் போகும். கோபித்துக்கொள்ளாதே.

என்றும் உன் அப்பா,
ஆ. கனகதாஸ்