உறையின் மேல் ராஜன் பெயர்

9.11.95, வியாழன்

காலையிலிருந்து தூறல். லேப் ஜன்னல் ஒன்று மூட மாட்டேன் என்கிறது. அமில பாட்டில்களை உள் அலமாரிக்கு மாற்றியாயிற்று. பியூரெட் இரண்டு உடைசல், எச்.எம்மிடம் சொல்ல வேண்டும். வாங்க: சீயக்காய், டார்ச் பேட்டரி, ஷீபாவுக்கு கிராஃப் நோட்டு.

ஷீபாவுக்கு இன்று முதல் மூன்று நாள் வாலிபர் கூடுகை, கோயில் ஹாலில். யாரோ வெளியூர்ப் பேச்சாளர். ராக் இசையின் ஆபத்து பற்றிப் பேசுகிறாராம். பாட்டைப் பின்னோக்கி ஓட்டினால் சாத்தான் பேசுவது கேட்கும் என்று நோட்டீஸில் போட்டிருக்கிறது. சாப்பிடும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஞானப்பாட்டைப் பின்னோக்கி ஓட்டினாலும் அப்படித்தான் கேட்கும் என்றேன். இவர் சிரிக்கவில்லை. சபைக் கமிட்டியில் இருக்கிறவர். மோரை ஊற்றிக்கொண்டு, "டீச்சர்னா எல்லாம் தெரிஞ்சிருமோ" என்றார்.

ஷீபா ஒன்றும் சொல்லவில்லை. பதினேழு வயதுக்காரி ஒன்றும் சொல்லாமல் இருந்தால் முடிவு எடுத்துவிட்டாள் என்று அர்த்தம்.

10.11.95, வெள்ளி

மழை. +2 செய்முறைத் தேர்வு மாதிரி. பாதிப் பேருக்கு உப்பு கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

ஷீபா மத்தியானம் சாப்பிடவில்லை, உபவாசமாம். முகம் பளிச்சென்று இருக்கிறது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது, பொறாமையாகவும்.

11.11.95, சனி

எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கே வேறு மாதிரி நினைத்துக்கொள்வேன்.

கூடுகையின் கடைசி நாள். பெற்றோரும் போயிருந்தோம். பேச்சாளர் டேப்பைப் பின்னோக்கி ஓட்டினார். கோழியைக் கழுத்தில் பிடித்த மாதிரி ஒரு சத்தம். முன்வரிசைப் பெண்பிள்ளைகள் அழுதார்கள். பிறகு ஒரு மேசையைப் போட்டு, வீட்டில் இருக்கும் அசுத்தமானதைக் கொண்டுவந்து வையுங்கள் என்றார். கேசட்டுகள். பாட்டுக்காரர்கள் படம் போட்ட ஒரு பனியன். சுவரில் ஒட்டுகிற படங்கள். ஷீபா எழுந்து போனாள், கையில் ஜவுளிக்கடைப் பை. அதிலிருந்து வெளியே எடுத்தபோதுதான் பார்த்தேன்.

என் ரெக்கார்டு.

இரண்டு தட்டு, புத்தகம் போல் விரியும் உறை. இருட்டு மேடை, மஞ்சள் வெளிச்சம், தோளுக்குக் கீழே முடி வளர்த்த ஐந்து பேர். ஸ்டுடியோவில் பாடியதல்ல. கூட்டத்துக்கு முன்னால் வாசித்ததை அப்படியே பிடித்தது. உறையின் மூலையில் நீல மையில் தம்பி பெயர், டி. ராஜன். 1973இல் ஒரு பெண்பிள்ளை தன் பெயரைப் போட்டு இப்படி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அவன்தான் தன் பெயரை எழுதினான். அப்பா கேட்டால் நான் பார்த்துக்கிடுதேன் என்றான். அப்பா கேட்டார். முதுகில் வாங்கிக்கொண்டான்.

பேச்சாளர் மைக்கில் பெயரை வாசித்துவிட்டு, யார் இந்த ராஜன் என்றார். ஹாலே என் பக்கம் திரும்பியது. குருவானவர், அவர் மனைவி, என்னிடம் படிக்கிற பிள்ளைகள், இவர். எழுந்து நின்றேன்.

"என் தம்பி. அம்பாசமுத்திரத்தில இருக்கான்."

அதோடு உட்கார்ந்திருக்கலாம். "அவனுக்கு இந்தப் பழக்கம் அப்பமே உண்டு" என்றும் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

ஹாலுக்குப் பின்னால் குவித்து எரித்தார்கள். ஈரத்தில் பிடிக்கவில்லை. மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டியிருந்தது. ரெக்கார்டு சரியாக எரியக்கூட இல்லை, அப்பளம் மாதிரி சுருண்டது. எல்லோரோடும் நின்று பாடினேன். எப்போதும்போல் ஆல்ட்டோ குரலில்.

12.11.95, ஞாயிறு

ஆராதனை. காணிக்கைக்கு முன் ஜெப விண்ணப்பங்கள்: நோயாளிகள், பரீட்சை எழுதுகிறவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள். பிறகு "நம் கிரேஸ் டீச்சருடைய தம்பி ராஜன்." அம்பாசமுத்திரம் என்று ஊர்ப் பெயரையும் சொன்னார்கள். ஹாலில் நான் எடுத்துக் கொடுத்த பெயர்.

வெளியே வந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொருத்தி, "எல்லா வீட்லயும் ஒண்ணு இப்படித்தான் டீச்சர்" என்றாள். நான் தலையை ஆட்டினேன். கண்கூடக் கலங்கியது, அது பொய்க் கலக்கமும் இல்லை. ஆறுதலாக இருந்தது. அதுதான் அசிங்கம்.

மத்தியானம் ஆட்டுக்கறி. நன்றாகச் சாப்பிட்டேன்.

13.11.95, திங்கள்

வெயில். துணி துவைத்துப் போட்டேன். சிலிண்டருக்குச் சொல்ல வேண்டும்.

நான்காவது பீரியட் ஓய்வு. லேபில் உட்கார்ந்து அந்த மாடி அறையை நினைத்துக்கொண்டிருந்தேன். சென்னையில் எம்.எஸ்ஸி. படித்த காலம். ராஜன் இன்ஜினீயரிங். ரேடியோவில் ஆங்கிலப் பாட்டு கொஞ்ச நேரம்தான் வரும், அதிலும் மெதுவான காதல் பாட்டு. இந்த மாதிரிச் சத்தமெல்லாம் கப்பல்காரர்கள் கொண்டுவந்தால்தான் உண்டு. யாரோ ஒருவர் விடுதியில் இதைப் பற்றிச் சொல்ல, எனக்கு வேண்டும் என்று ராஜனிடம் பிடிவாதம் பிடித்தேன். லீவில் தூத்துக்குடிக்குப் போய்த் துறைமுகத்தில் அலைந்து வாங்கிவந்தான்.

கீழ்ப்பாக்கத்தில் அவன் நண்பன் வீட்டு மாடி. பெல்பாட்டம், பெரிய கிருதா, வியர்வை. ஃபேன் சத்தம் பாட்டுக்கு இடைஞ்சலாம், நிறுத்திவிடுவார்கள். நான் மட்டும் புடவை, கதவோரம். பாட்டு முடிந்து அந்த ஊர்க் கூட்டம் கைதட்டும்போது அறையில் இருந்தவர்களும் தட்டினார்கள். நானும். பக்கத்தில் இருந்தவன், "அவங்களுக்குக் கேக்காதுங்க" என்றான். எனக்குத் தெரியாதா. சத்தமாகச் சிரித்தாலே வார்டன் கதவைத் தட்டும் விடுதியில் இருந்தேன். ஆயிரம் பேர் கத்துகிற இருட்டில் நானும் ஒருத்தியாக நிற்க அது ஒன்றுதான் வழி.

அப்புறம் கல்யாணம், பி.எட்., ஷீபா. சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாதபோது ஜன்னலைச் சாத்திவிட்டு, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்பேன். ஒருமுறை ஷீபா சீக்கிரம் வந்துவிட்டாள். சின்னப் பிள்ளை அப்போது. மாமாவுடையது, பிளேயர் ஓடுகிறதா என்று பார்த்தேன் என்றேன். அதைத்தான் அவள் இவ்வளவு காலமும் நம்பியிருக்கிறாள். மாமாவின் ஆத்துமாவுக்காகத்தான் எடுத்துப் போயிருக்கிறாள்.

கெட்ட பாட்டு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. பிறகு ஏன் ஜன்னலைச் சாத்தினேன்?

15.11.95, புதன்

வசந்தா வந்தாள், ராஜன் மனைவி. முன்கூட்டிச் சொல்லாமல், பள்ளி விட்டு நான் வரும் நேரம் பார்த்து வீட்டு வாசலில் நின்றாள். குடையை மடக்கக்கூட இல்லை.

விண்ணப்பம் அம்பைக்கு, ராஜனுடைய சபைக்கே, போய்விட்டது. எங்கள் குருவானவர் மனைவியின் தங்கை அந்தச் சபையில் இருக்கிறாள். தந்தியைவிட வேகம். ராஜன்தான் அங்கே பாடகர் குழுவுக்குத் தலைவர், இருபது வருஷமாக. நாலு குரலுக்கும் அவனே ஸ்வரம் எழுதிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பான். கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி திங்களன்று தொடங்க இருந்ததாம். இந்த வருஷம் ஒதுங்கி இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

"கேட்டதுக்கு இவரு என்ன சொன்னாருன்னு தெரியுமா மதினி? ‘ஆமா, என்னுதுதான்’னுட்டாரு. எங்க வீட்ல அப்படி ஒண்ண நான் கண்ணால பாத்ததே கிடையாது. இன்னும் என்னத்தையெல்லாம் ஒளிச்சு வச்சிருக்காரோன்னு பீரோவ நோண்டிக்கிட்டு இருக்கேன்."

பிறகு, "உங்களுக்காவது தெரியுமா மதினி" என்றாள்.

காப்பி கொடுத்தேன். பிள்ளைகளுக்கு முறுக்குக் கட்டிக் கொடுத்தேன். பஸ் ஏற்றிவிட்டேன். சொல்லவில்லை.

17.11.95, வெள்ளி

லீவு போட்டு அம்பை. வழியெல்லாம் தண்ணீர், வயல் எது வாய்க்கால் எது என்று தெரியவில்லை. ராஜன் தான் வேலை பார்க்கும் பேங்க் வாசலுக்கு வந்தான். பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். முடி நன்றாகக் கொட்டிவிட்டது அவனுக்கு. அவனைத்தான் தோளுக்குக் கீழே முடி வளர்த்தவன் என்று இரண்டு சபை ஜெபிக்கிறது.

ஏன் ஆமா என்று சொன்னாய் என்று கேட்டேன்.

"பேரு என் பேருதானக்கா." டீயை ஆற்றினான். "நீ பொம்பளப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுதவ. வீட்ல கொமருப் பிள்ள இருக்கு. எனக்கென்ன, ஒரு வருஷம் பெஞ்சுல உக்காந்து பாடிட்டுப் போறேன்."

பயிற்சியை இப்போது யார் எடுக்கிறார்கள் என்றேன். பேஸ் என்ற கனத்த குரலே இல்லாத ஒருவர் பெயரைச் சொல்லி, எல்லோரையும் கீச்சுக்குரலில் பாட வைத்திருக்கிறார் என்று சிரித்தான். சிரித்து முடித்ததும் டம்ளரைக் கீழே வைத்தான். பிள்ளைகள் வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டுப் போகிறார்களாம், உள்ளே வரக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்களாம்.

அந்தக் காலத்தில் அந்த மாடி அறையில் அவன் எவ்வளவு ஆடினான் என்று ஏதோ சொன்னேன், பேச்சை மாற்ற.

"நானா? எனக்கு அந்தச் சத்தமே ஆகாதுக்கா. தலவலி வந்துரும். நீ ஆசைப்பட்டியேன்னுதான் அந்தக் கப்பல்காரன்ட்ட கெஞ்சிக் கூத்தாடி வாங்கினேன்."

இருபத்திரண்டு வருஷம் அவனுக்கும் அது பிடிக்கும் என்று நினைத்திருந்தேன். பாதிப் பங்கு அவனுடையது என்பதால் நான் சொன்னதும் பாதிதான் பொய் என்று பஸ்ஸில் வரும்போதுகூடக் கணக்குப் போட்டேன். அந்தப் பாதியும் போயிற்று.

18.11.95, சனி

காலையில் குருவானவர் வீடு. ஷீபாவையும் அழைத்துப் போனேன். எதற்கு என்று சொல்லவில்லை. குருவானவர் ஊரில் இல்லை. அவர் மனைவி, ஐயரம்மா, காப்பி கொண்டுவந்து வைத்தார்கள்.

சொன்னேன். ரெக்கார்டு என்னுடையது, வாங்கச் சொன்னது நான், கேட்டது நான், போன மாதம்கூடக் கேட்டேன். ஒரே மூச்சில்.

ஐயரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கண்ணில் தண்ணீர்.

"தம்பிக்காகப் பழிய ஏத்துக்கிடுதீங்க. இப்படி ஒரு அக்கா யாருக்குக் கிடைப்பா? நாளைக்கு ஆராதனையில சாட்சி நேரத்துல நானே சொல்லுதேன் டீச்சர்."

இல்லை அம்மா, நிஜமாகவே என்னுடையது என்றேன். உறையில் பெயர் பார்த்தோமே என்றார்கள். பெயர் போட்ட கதையைச் சொன்னேன். எவ்வளவு பாரம் இருந்தால் இப்படியெல்லாம் கதை கட்டத் தோன்றும் என்பதுபோல் தலையை ஆட்டினார்கள். ஷீபாவும் என்னை அப்படியே பார்த்தாள், நிறைந்துபோய். அந்தப் பார்வைக்காக எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன். பேசாமல் வாங்கிக்கொண்டு எழுந்து வந்திருக்கலாம். ஒரு நொடி அதற்கும் தயாராக இருந்தேன். இதை மறைக்காமல் எழுதுகிறேன்.

காட்ட என்னிடம் வேறு என்ன இருக்கிறது? எல்லாம் சாம்பல். டீப்பாயில் விரலால் தட்டத் தொடங்கினேன்.

ரெக்கார்டின் மூன்றாவது பக்கம், தொடக்கத்திலிருந்து. முதலில் டிரம். முன்னால் யாரோ ஒருவன் விசில் அடிப்பான், அடித்தேன், சரியாக வரவில்லை. கிடார், வாயால்தான், வேறு எப்படி. பாட்டுக்காரன் வரி தொடங்கும் முன் இருமுவான், இருமினேன். நடுவில் கிடார்க்காரன் ஒரு கம்பியைத் தவறாக இழுத்துவிட்டு அப்படியே சமாளித்து மேலே போவான், அந்தத் தவறையும் போட்டேன். கைதட்டல் அடங்குவதற்குள் அடுத்த பாட்டு வந்துவிடும் அதில், நிறுத்த இடம் கிடையாது. நிறுத்தவில்லை. நாற்பத்து நாலு வயது, கெமிஸ்ட்ரி டீச்சர், புடவை முந்தானை காப்பியில் நனைந்தது பிறகுதான் தெரிந்தது.

முடித்தபோது ஐயரம்மா கையை எடுத்திருந்தார்கள். "சரி டீச்சர்" என்றார்கள். அம்பைக்கு ஃபோன் போட்டுச் சொல்லிவிடுகிறேன் என்றார்கள். எனக்கு விண்ணப்பம் வேண்டுமா என்று கேட்கவில்லை. கேட் வரைக்கும் வரவில்லை.

ரோட்டில் ஷீபா பத்தடி முன்னால் நடந்தாள். குடைக்குள் வரவில்லை. மார்க்கெட் பக்கம் வந்ததும் நின்றாள்.

"பாட்டு கேட்டது கிடக்கட்டும்மா. மாமா பேர ஏன் சொன்ன?"

பயந்துவிட்டேன் என்றேன்.

"ஐயரம்மா ஃபோன்ல சொன்னா தீந்துச்சா? நீ ஹால்ல எல்லாருக்கும் முன்னாலல்லா சொன்ன."

வீட்டுக்கு வந்ததும் ஷீபா உள்ளே போய்விட்டாள். இவரிடம் நானே சொன்னேன். பேப்பரைக் கீழே இறக்கவில்லை. கேட்டது மட்டும், "கமிட்டியில என்ன சொல்ல?"

நாளை அம்பையில் ஆராதனை எட்டரைக்கு. முதல் பஸ்ஸில் போனால் மணி அடிக்கும் முன் கோயிலில் இருக்கலாம், சாட்சி நேரத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து சொல்லலாம். அங்கே என்னைத் தெரிந்தவர்கள் நிறைய. வெள்ளைப் புடவையைத் தேய்த்து வைத்திருக்கிறேன். ஷீபாவின் செருப்பு வாசலில் இல்லை. உள்ளே எடுத்துப்போய் சேற்றைக் கழுவிக்கொண்டிருக்கிறாள், சத்தம் கேட்கிறது. நாளைக்கு என்னோடு வரவா, இங்கே கோயிலுக்குப் போகவா, நான் கேட்கவில்லை.