நாற்பத்தோராவது நிமிடம்

செப்டெம்பர் 2, திங்கள்

மிஷனரி ஞாயிறுக்குப் படம் தெரிவு செய்யும் வேலை இந்த வருடம் என் தலையில். போன வருடம் பாதிச் சபை நித்திரை, மீதி தேநீர் வரிசையில். சின்னராசா போதகர் மூன்று நிபந்தனை சொன்னார்: ஒன்றரை மணித்தியாலத்துக்குள் முடிய வேண்டும், முத்தம் கூடாது, தேநீருக்கு முன்னால் மிஷனரி சாகக் கூடாது. மாதர் சங்கத் தலைவி பாக்கியரத்தினம் ரீச்சருக்கு ஒரே நிபந்தனை. அழ வேண்டும்.

செப்டெம்பர் 5

பேச்சுவாக்கில் படத்துக்கு வாறீங்களோ என்று கேட்டேன். என் கணவர் தனஞ்சயன் உடனே ஓம் என்றார்! பதினேழு வருடமாக என்னைத் தேவாலய வாசலில் இறக்கிவிட்டு மீன் வாங்கப் போகிற மனுசன். தம்பலகாமத்தில் நெல் விதைக்கிற கமக்காரர் வீட்டுப் பிள்ளை. அலுமாரியில் மேல்தட்டு அவருடைய பிள்ளையாருக்கு, கீழ்த்தட்டு என் வேதாகமத்துக்கு. நான் ஒருநாளும் வற்புறுத்தியதில்லை. ஆனால் ஆசை இல்லையென்றால் பொய். ஒரேயொரு தடவை பக்கத்துக் கதிரையில் இருந்தால் போதும்.

செப்டெம்பர் 10

மூன்று படங்கள் கிடைத்தன. மூன்றிலும் வெள்ளைக்காரர் வேதாகமத் தமிழ் பேசுகிறார். ஊர்ச்சனம் தீப்பந்தத்தோடு ஓடிவருகிறது. பட்டப்பகலிலும் தீப்பந்தம்.

முதலாவதில் அரைமணி நேரம் கப்பல் மட்டும் போகிறது. கிழமை முழுக்கத் துறைமுக அலுவலகத்தில் இருப்பவளுக்கு ஞாயிற்றுக்கிழமையும் கப்பலா? இரண்டாவதில் ஒரு தாதி கிணறு வெட்டுவிக்கிறாள், தண்ணீர் கொதிக்கவைக்கிறாள். ஒருவரும் சாகவில்லை. ரீச்சர் கொட்டாவி விடுவார்.

மூன்றாவதில் காடு, புயல், மரணம். அதுவும் சரியாகத் தேநீருக்குப் பிறகு. இதுதான். (குசினியில் மீன் பொரித்தபடி இரட்டை வேகத்தில் பார்த்தேன் என்பது எனக்கும் இந்தக் கொப்பிக்கும் மட்டும்.)

செப்டெம்பர் 14, சனி

ப்ரொஜெக்டர் கிண்ணியா றம்ஸான் நானாவுடையது. கல்யாணமோ சபையோ, எந்தப் படத்தையும் முதல்நாள் முழுதாக ஓட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். பார்த்து முடித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"மிஸ், நாப்பத்தோராவது நிமிசத்த பாத்தீங்களா?"

போட்டுக் காட்டினார். மிஷனரி மரத்தடிச் சாமியைக் கோடரியால் உடைக்கிறார். சனம் அவர் காலில் விழுந்து நன்றி சொல்லி அழுகிறது. பின்னால் வயலின்.

தனஞ்சயனுடைய வயல் வரம்பில் இருக்கிற சாமிக்கல்லும் அதே உயரம்தான். ஒவ்வொரு அறுவடைக்கும் அதற்கு முன்னால்தான் பொங்கல். ஐயோ, என்ன வேலை செய்து வைச்சிருக்கிறன் — பதினேழு வருசம் கழிச்சு வாற மனுசனுக்கு இதையா காட்டுறது?

அந்த இடத்தை வெட்டலாம் என்றார் நானா. வெட்டினால் இவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே.

போதகருக்குப் போன் பண்ணி, தாதி படத்தைப் போடப்போகிறேன், காரணம் இதுதான் என்று மறைக்காமல் சொன்னேன். முழுதையும் கேட்டார். பிறகு, "ரீச்சருக்கு நான் சொல்லுறன்" என்றார்.

செப்டெம்பர் 15, ஞாயிறு

இவர் அயர்ன் பண்ணின சேட்டோடு வந்தார். பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

தாதி சேற்றில் விழுந்தெழும்பி நாற்று நடும் இடத்தில், "இப்பிடி நட்டா ஒரு கதிரும் வராது" என்று இவர் எனக்கு மட்டும் சொன்னதாக நினைத்தார். மூன்று வரிசை சிரித்தது. போதகரும்தான்.

பாக்கியரத்தினம் ரீச்சர் அழுதார். கிணற்றில் தண்ணீர் வந்ததற்கு!

திரும்பி வரும்போது மற்றப் படத்தைப் பற்றியும் இரட்டை வேகத்தைப் பற்றியும் சொல்லிவிட்டேன்.

"அதைப் போட்டிருந்தாலும் எழும்பிப் போயிருக்க மாட்டன்," என்றார். "ஆனா பிறகு வந்திருக்கவும் மாட்டன்."

செப்டெம்பர் 22, ஞாயிறு

வழக்கம்போல வாசலில் இறக்கிவிட்டு மீனுக்குப் போனார். எனக்குக் கொஞ்சம் மனம் சுருங்கியது.

அடுத்த வருடமும் நான்தான் தெரிவு செய்ய வேண்டுமாம். வீட்டுக்கு வந்து சொன்னேன். இவர் லப்டொப்பை மேசையில் வைத்து, இரண்டு கதிரைகளை இழுத்துப் போட்டார். அடுத்த வருடத் தெரிவுக்கான முதல் படம் தொடங்கியதும் நான் குசினிக்கு எழும்பினேன்.

"இரும். வேகத்தையும் கூட்டாதேயும்."

இருந்தேன். மீன் கருகிவிட்டது.