ஹாலில் விரித்த பாய்

ஜூலை 9, புதன்

ஸஹானா இன்று தூரம். பின்னறைக்குப் போய்விட்டாள். மருமகளுக்கு என்று தனிச் சலுகை இந்த வீட்டில் கிடையாது. காபியைக் கதவருகே தரையில் வைத்து, "இந்த மாசமுமா?" என்றேன்.

"ஆமாம்மா."

முப்பத்து நாலு வயது. எப்போது பார்த்தாலும் கம்ப்யூட்டர். பிறகு எப்படி உண்டாகும்? அதையும் கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.

ஜூலை 10

வைதிகம் செய்துவைக்கும் வாத்தியார் போன் செய்தார். என் வீட்டுக்காரருடைய மாசிகம், மாதாமாதம் வரும் திதி, இம்முறை 22ஆம் தேதி. அவர் போனதிலிருந்து ஒரு மாசிகத்திலும் பிள்ளை ரமணன் குறை வைத்ததில்லை. வைக்க விட்டதில்லை நான். அப்பாவுக்குத் திதி செய்கிற பிள்ளை சுத்தமாக இருக்க வேண்டாமா? மூன்று நாள் முன்பே அவன் தனியாகப் படுக்கப் பாயை ஹாலில் விரித்துவிடுவேன். முடிந்த பிறகும் இரண்டு நாள்.

ஜூலை 15, செவ்வாய்

அடையாறில் டாக்டர் சகினா. நானும் கூடப் போனேன். குறை யாரிடம் என்று தெரிய வேண்டுமே.

"ரிப்போர்ட் எல்லாம் நல்லாவே இருக்கு. கரு தங்குற நாள் இதுதான். அப்போ சேர்ந்து இருக்கீங்கள்ல?" என்று காலண்டரில் வட்டம் போட்டார். ஸஹானா ரமணனைப் பார்த்தாள்.

"வெளியூர் வேலையா சார்?"

"இல்ல டாக்டர். வீட்லதான்" என்றான் ரமணன், சுவரைப் பார்த்துக்கொண்டு.

வட்டத்துக்கு நடுவில் 22 இருந்தது.

ஆட்டோவில் ஸஹானாவிடம் கேட்டேன்: "இந்த மாசம் மட்டுமா?"

"எல்லா மாசமும்தாம்மா. திதி நகர்ற மாதிரியே எனக்கும் நாள் நகர்றது."

"சொல்லியிருக்கலாமே?"

"அப்பா காரியத்தை வச்சுண்டு எப்படிம்மா சொல்றது?"

தூரம் முடிந்து குளித்த முதல் வாரம்தான் கரு தங்கும் காலம் என்று நினைத்திருந்தேன். கான்வென்ட்டில் ஸிஸ்டர் அந்தப் பாடத்தைத் தாண்டிப் போனார். அம்மா புத்தகத்தில் அந்தப் பக்கங்களை ஊசி நூலால் தைத்தே விட்டாள். இங்கிலீஷில் நான்தான் முதல். வெட்கக்கேடு.

ஜூலை 17

வாத்தியாரிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். "முதல் நாள் ராத்திரியும் அன்னிக்கும் நியமமா விலகி இருந்தா போறும் மாமி. அதுக்கு மேல யார் சொன்னா?"

நான்தான். போனவருக்காகவா சொன்னேன்? பிள்ளை இன்னும் என் பேச்சைக் கேட்கிறான் என்று பார்த்துக்கொள்ளவா? ஹாலில் அவன் இருமும்போது எனக்கு நிம்மதியாக இருக்கும் — சீ, என்ன பொம்மனாட்டி நான்.

ஜூலை 19, சனி

ரமணன் தானாகவே வந்து பாயைத் தேடினான்.

"பரண்ல போட்டுட்டேன். திங்கட்கிழமை எடுத்துக்கலாம்."

"இன்னிக்கே விரிக்கணுமேம்மா?"

"வேண்டாம்."

என்னையே பார்த்தான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், வரவில்லை. என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஜூலை 22

மாசிகம் ஆயிற்று. நாளைக் காலையே பாயைச் சுருட்டிப் பரணில் ஏற்றிவிடச் சொன்னேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

எதிர் வீட்டில் வரலக்ஷ்மி நோன்பு. அவர் போய் வருஷம் முடியாததால் எங்களுக்குப் பண்டிகை இல்லை. இந்த மாசம் நாள் தள்ளியிருக்கும் என்று எனக்கு மட்டும் மனதுக்குள் ஒரு நினைப்பு இருந்தது. காலையில் பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே, வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற சத்தம்.

காபி கலந்தேன். கதவருகே வைக்கக் குனிந்தேன். வைக்க முடியவில்லை. உள்ளே போய் நீட்டினேன்.

"அம்மா, நீங்க மடி... கீழ வச்சுடுங்கோ."

"ஆறிடும். கையில வாங்கிக்கோ."

வாங்கினாள். விரல்கள் பட்டன. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "அடுத்த மாசம் பார்க்கலாம். தப்பு உன்னோடது இல்லை" என்றேன். பாதிதான் சொன்னேன். மீதி அவளுக்கே தெரியும்.

அவளைத் தொட்டதற்குப் பூஜைக்கு முன் மறுபடி குளித்திருக்க வேண்டும். குளிக்கவில்லை.