கர்னல் ஏற்காத அறுபது

திங்கள், அக்டோபர்

காலையிலிருந்தே புழுக்கம். மேகம் தலைக்கு மேலே நிற்கிறது, பெய்யவில்லை. நாகர்கோவில் வரை நின்றபடியே பயணம்.

ஆபீசில் ஒரு பெட்டி திரும்பி வந்திருந்தது. படகில் பொருத்த நாங்கள் செய்து கொடுக்கும் பெட்டி. படகு எங்கே நிற்கிறது என்று செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குச் சொல்லும். காற்று எச்சரிக்கையைக் கரையிலிருந்து வாங்கிப் படகுக்குச் சொல்லும். கொண்டுவந்தவர் மேசையில் வைத்துவிட்டு, "வெளக்கு எரியுது, வாய் தொறக்கல்ல" என்றார். உண்மைதான். மேலே பச்சை விளக்கு, உள்ளே உறைந்து கிடக்கிறது.

மதியம் வரை பதிவுகளைத் தோண்டினேன். கிடைத்தது ஒரே வரி.

பெட்டிக்குள் ஓடுவது லினக்ஸ்; அதன் மையக்கருவுக்குப் பெயர் கர்னல். உறைந்துபோனால் தானாக அணைத்து எழுப்ப ஒரு வாட்ச்டாக் உண்டு. எத்தனை நொடி பொறுக்கவேண்டும் என்று கர்னலுக்கு நாங்கள் சொல்லவேண்டும். புதிய பதிப்பில் அறுபது என்று சொல்லியிருக்கிறோம். பெட்டியிலுள்ள சிப் தாங்குவது பதினைந்துதான். 'செல்லாத மதிப்பு' என்று கர்னல் திருப்பிவிட்டது. வாட்ச்டாக் தொடங்கவே இல்லை. எங்கள் நிரல் அதைக் காதில் வாங்காமல் பச்சை விளக்கைப் போட்டுவிட்டது.

அறுபதை வைத்தது யார் என்று தேடவில்லை. ஷிபுவாக இருக்கும், அல்லது நானாக.

புதிய பதிப்புப் பெட்டி எல்லாவற்றிலும் இதே கதைதான். சனிக்கிழமை குளச்சலிலிருந்து தங்கலுக்கு, பல நாள் கடலிலேயே கிடந்து மீன்பிடிக்க, போன என் அண்ணன் படகில் இருப்பதும் புதிய பதிப்பு. வேண்டாம் என்றவனைக் கட்டாயப்படுத்தி மாட்டிவிட்டது நான்.

செவ்வாய்

சரியாகத் தூங்கவில்லை. இடது கண் துடிக்கிறது. வாங்கவேண்டியது: அம்மா மாத்திரை, சோப்பு, குடைக்குக் கம்பி.

ஷிபுவிடம் காட்டினேன். என்னோடு வேலை பார்ப்பவன், மார்த்தாண்டத்துக்காரன், எதற்கும் பதறமாட்டான்.

"அது சாரமில்ல ஷைனி. கூடுதல் கொடுத்தா பெட்டியே பதினஞ்சுக்குக் கொறச்சு எடுத்துக்கட்டும். ஒரு வரி எழுதினாப் போரும். யாரும் அறியாண்டாம்."

"யாரும் அறியாததுனால தானே இந்தக் கதி? தப்பான எண்ணுன்னா பெட்டி கெளம்பவே கூடாது. சிவப்பு வெளக்கு எரியணும்."

"சிவப்பப் பாத்தா வள்ளக்காரன் பயப்படுவான்."

"பயப்படட்டும். கரையில வச்சே பயப்படட்டும்."

முதலாளி பெனட் சாரிடம் போனோம். கேட்டார். படகுக்காரர்களுக்குச் சொல்லிவிடலாமா என்றேன். "எல்லாப் பெட்டியும் ஒறைஞ்சா போகும்? சரிபண்ணி அனுப்புங்க, வெளிய பேசாண்டாம்" என்றார். மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார்.

வியாழன் மாலையிலிருந்து காற்று பலக்கும் என்று அறிவிப்பு.

புதன்

அதிகாலையில் இடி மட்டும்.

பதினைந்து என்ற மதிப்பைக் கடலில் இருக்கும் பெட்டிகளுக்கெல்லாம் அனுப்பினோம். நாங்கள் கொடுத்ததைச் சொன்னால் போதாது, கர்னல் கையில் இப்போது இருப்பதைப் படித்துச் சொல் என்றும் கேட்டோம். ஷிபு அதற்கு ஒப்புக்கொண்டான். ஒவ்வொன்றாகப் பதினைந்து, பதினைந்து என்று பதில். இரண்டு பெட்டிகளிடமிருந்து மட்டும் இல்லை. ஒன்று தேங்காய்ப்பட்டணத்துப் படகு. மற்றது அண்ணனுடையது. வரைபடத்தில் அவன் புள்ளி திங்கள் மதியத்தோடு நின்றிருக்கிறது.

உறைந்த பெட்டிக்கு என்ன அனுப்பினாலும் ஏறாது. யாராவது ஒயரைப் பிடுங்கித் திரும்பச் செருகவேண்டும். அதுவரை எச்சரிக்கையும் போய்ச் சேராது.

அண்ணன் மனைவி, மைனி, போன் பண்ணினாள். "ஏட்டி, ஒங்க அண்ணன் வள்ளம் எங்க நிக்குன்னு பாத்தியா?" சிக்னல் இல்லை மைனி என்றேன்.

மாலை பஸ்ஸில் எங்கள் ஊர் மண்டைக்காடு வந்தும் இறங்காமல் குளச்சலுக்கே போனேன். துறைமுகத்தில் வயர்லெஸ் வைத்திருக்கும் பெரியவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் பெட்டியில் பிழை என்பதையும்.

"அப்பம் கரண்ட புடுங்கிட்டு மாட்டணும், அவ்வளவு தானே மக்கா? வள்ளத்துக்கு வள்ளம் சொல்லிவிடுகேன்."

அதன் பிறகு மைனி வீடு. உண்மையைச் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

வியாழன்

மழை. லீவு போட்டுவிட்டு மைனி வீட்டில், மடிக்கணினியோடு.

பத்து மணி வாக்கில் அண்ணன் புள்ளி வந்தது. மைனி சிலுவை போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் புள்ளி நகர்ந்தது. கரைக்கு அல்ல, இன்னும் மேற்கே.

"என்னத்துக்கு ஏட்டி வெளிய போறாரு? காத்துன்னு அவருக்குத் தெரியாதா?"

தெரிந்திருக்கவேண்டும். எச்சரிக்கை போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி திரையில் இருக்கிறது. இரண்டு முறை துறைமுகத்துக்கு ஓடினேன். வயர்லெஸ்ஸில் வெறும் இரைச்சல்.

மதியம் தேங்காய்ப்பட்டணத்துப் புள்ளியும் வந்தது, அண்ணன் புள்ளிக்குப் பக்கத்திலேயே. பிறகு இரண்டும் கிழக்கே திரும்பின. கண்ணெடுக்காமல் பார்த்தேன். மைனி கொண்டுவந்து வைத்த கட்டன்சாயா ஆறிப்போனது.

வெள்ளி

காற்று. முருங்கை முறிந்து கிணற்றுமேல்.

விடியும்போது இரண்டு படகும் துறைமுகத்துக்குள். அண்ணன் நனைந்த கோழியைப்போல வந்து நின்றான்.

"ஏன் மேக்க போன?"

"கரண்ட புடுங்கி மாட்டுன்னு சேதி வந்துது. மாட்டினேன். காத்து வருதுன்னு பெட்டி கத்திச்சு. அந்தத் தேங்காப்பட்டணத்தான் வயர்லெஸ்ஸயும் எடுக்கல்ல. எனக்குத் தெரியும், அவன் அங்கதான் கெடப்பான். போய்க் கூவிச் சொல்லி, அவன் பெட்டியையும் புடுங்கி மாட்ட வச்சேன்."

"ஒன் பெட்டியும் ஒறைஞ்சா கெடந்துது?"

தலையைச் சொறிந்தான். "இல்ல. திங்கக்கெழம நான்தான் ஒயரப் புடுங்கி போன சார்ஜுக்குப் போட்டேன்."

மைனி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படகு மறைவில் போய் நின்று அழுதேன்.

சனி

ஆபீஸ். புதிய நிரலை ஷிபுவே எழுதி வைத்திருந்தான். எல்லை மீறிய எண் என்றால் சிவப்பு.

பெனட் சார் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"பெட்டியில பிழைன்னு துறைமுகத்துல சொன்னது ஆரு?"

"நான்தான் சார்."

"அடுத்த தடவ எங்கிட்ட முதல்ல சொல்லணும்."

"ஒங்ககிட்டதான் சார் முதல்ல சொன்னேன்."