எட்டு பிளக், எட்டு வயர், லைல் செய்த உதவி

கிழக்கு மொன்டானா
செப்டம்பர் 19, வியாழக்கிழமை

அன்பு மகள் ஜெனெலுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால் இருக்கிற குறையோடு சௌக்கியமாக இருக்கிறோம் என்றே எழுதுகிறேன். அந்தப் பாலைவன வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் வாடாமல் நலமாக இருக்க வேண்டும். இங்கே ஞாயிறன்று முதல் உறைபனி விழுந்து தக்காளிச் செடிகள் கருகிவிட்டன, காய்களைப் பச்சையாகவே பறித்து எட்டு பாட்டில் ஊறுகாய் போட்டேன். கன்றுகளை விற்றாகிவிட்டது. தேவாலயத்தில் புதுப் பாதிரியார் வந்திருக்கிறார், சின்ன வயது, பிரசங்கம் மட்டும் நீளம்.

ஆகஸ்டில் நீ போனில் சொன்னதை நான் மறக்கவில்லை. "அப்பா பேச்சுப் பயிற்சிக்கே போகலைன்னா அந்தக் காட்டுல உக்காந்து என்னம்மா பண்ணப்போறீங்க, பின் ரூமைக் காலி பண்ணி வெச்சிருக்கேன், செப்டம்பர் முடியறதுக்குள்ள ஒரு முடிவு சொல்லு" என்றாய். நீ கேட்டது நியாயம்தான். பிப்ரவரியில் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் துவண்டதைவிட, பேச்சு போனதுதான் அவரை அடித்துப்போட்டது. மிஞ்சியது மூன்றே சொல். ஆமாம், இல்லை, பிறகு இந்த வீட்டுக்குள் நான் அனுமதிக்காத அந்தக் கெட்ட வார்த்தை. அதிலும் ஆமாமும் இல்லையும் இடம் மாறி வரும். காபி வேண்டுமா என்றால் இல்லை என்று சொல்லிக்கொண்டே கோப்பையை நீட்டுவார். பயிற்சி மைல்ஸ் சிட்டியில், அறுபத்திரண்டு மைல். அவரால் ஓட்ட முடியாது, நான் ஓட்டினால் பக்கத்தில் உட்காரமாட்டார். கல்யாணமாகி நாற்பத்தைந்து வருஷத்தில் ஒருநாள்கூட அவர் என் பக்கத்தில் அப்படி உட்கார்ந்ததில்லை. ஜூனில் பக்கத்துப் பண்ணை லைலும் நானுமாக என் சின்னக் காரில் அவரை வலுக்கட்டாயமாக ஏற்றினோம், வாசல் கேட்டில் வண்டி நின்றதும் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். அதோடு பயிற்சி நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்து ரோட்டைப் பார்ப்பதே அவர் வேலையாகிவிட்டது. எனக்கு ஆத்திரமாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது, இரண்டையும் பாத்திரம் கழுவும்போது வைத்துக்கொண்டேன்.

அதனால் உன்னிடம் வந்துவிடுவது என்றே முடிவு செய்தேன், கண்ணு. உனக்குச் சொல்லவில்லை, அப்பாவுக்கும் சொல்லவில்லை. முதலில் பழைய பிக்கப்பை விற்கலாம் என்று தீவனக் கடைக்காரரிடம் பேசினேன். அவர் ஒரு தரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "என்ஜின் மிஸ்ஸிங் அடிக்குது ஆர்டிஸ், ஏத்தத்துல இழுக்கல, பிளக்கை மாத்திட்டுச் சொல்லு, சனிக்கிழமை வந்து எடுத்துக்கறேன்" என்றார். பிளக் மாற்ற யாராவது மெக்கானிக்கைத் தேடுவார்களா என்று உன் அப்பா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். என்ஜினில் நெருப்புப் பொறி போடும் பிளக் எட்டு வாங்கிவந்தேன். வண்டி இடறுகிறது, பிளக் மாற்றப்போகிறேன் என்று மட்டும் அவரிடம் சொன்னேன். விற்பதற்காக என்று சொல்லவில்லை. பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன், ஆனால் பொய்தான் அது.

போன வியாழன் காலை, என்ஜின் நன்றாக ஆறியிருந்தது. சூட்டோடு கழற்றினால் மரை பிய்ந்துவரும் என்பது எனக்குத் தெரியும். பால் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி, பழைய போர்வையை முன்சக்கரத்துக்கு மேலே வண்டியின் தோளில் விரித்துக் குப்புறப் படுத்துக்கொண்டேன். ஒரு வயரைக் கழற்று, பிளக்கைச் சுற்றியிருக்கும் தூசியை ஊது, பழையதை எடு, புதியதைக் கையாலேயே திருகி உட்காரவை, கடைசியில் மட்டும் ஸ்பேனரால் இறுக்கு, அதே வயரை அதிலேயே மாட்டு, பிறகுதான் அடுத்தது. ஒவ்வொன்றாகச் செய்தால் குழந்தையும் செய்துவிடும். ஓட்டுநர் பக்கம் நான்கையும் முடித்துவிட்டேன். பழைய பிளக்குகள் அடுப்புக்கரி மாதிரி கறுத்திருந்தன. கடைசியில் என்ஜினுக்குப் பின்னால் தகட்டுச் சுவரை ஒட்டியிருக்கும் பிளக்குக்கு அப்பாவின் கை நுழையாது, முப்பது வருஷம் அதைத் திட்டித்தான் கழற்றுவார். என் கை நுழைந்துவிட்டது. அந்தப் பெருமையில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன், அதுதான் தப்பு. அதற்குள் லைல் வந்துவிட்டார்.

நம் ஊரில் பானெட் திறந்திருந்தால் அது விருந்துக்கு அழைப்பு. ரோட்டில் போகிறவர் யாராக இருந்தாலும் நிறுத்தி, தலையை உள்ளே விட்டு, ஏதாவது ஒன்றைத் தொடாமல் போகமாட்டார். வேண்டாம் என்று சொல்வதும் இங்கே மரியாதை இல்லை. அதிலும் லைல் வேறு கம்பெனி வண்டிக்காரர். பிறந்ததிலிருந்து அந்த ஒரே கம்பெனி பிக்கப்தான், நம் வண்டியில் ஏற நேர்ந்தால் உட்காருமுன் தொப்பியால் சீட்டைத் தட்டிவிட்டு உட்காருவார். "இப்படி ஒண்ணொண்ணாப் பண்ணா கிறிஸ்துமஸ் வந்துரும், நீ போய் காபி போடும்மா" என்றார். நான் காபியோடு திரும்புவதற்குள் எட்டு வயரையும் உருவிப்போட்டு, மீதி நான்கு பிளக்கையும் மாற்றி, வயர்களைத் தன் கம்பெனி வரிசைப்படி மாட்டியும் முடித்திருந்தார். நம் வண்டியில் ஒற்றைப்படை சிலிண்டர் ஒரு பக்கம், இரட்டைப்படை மறுபக்கம். அவர் வண்டியில் ஒன்று முதல் நான்கு ஒரு பக்கம், மிச்சம் மறுபக்கம். எந்த சிலிண்டருக்குப் பிறகு எதற்கு நெருப்பு போகும் என்ற வரிசையும் வேறே. லைல், இது எங்க வண்டியாச்சே என்றேன். "எட்டு சிலிண்டர்னா எட்டு சிலிண்டர்தான், கடவுள் ஒருத்தர்தானே" என்றார்.

ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, துப்பாக்கி வெடித்த மாதிரி பின்னால் வெடித்து நின்றது. நாய் கொட்டகைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. லைல் இன்னொரு தரம் மாற்றி மாட்டினார், இன்னும் பெரிதாக வெடித்தது. எந்த வயர் எங்கிருந்து வந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அவர் தலையைச் சொறிந்தார். நான் பால் கூடையின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். விற்கவும் முடியாது, ஓட்டவும் முடியாது என்று ஆகிவிட்டதே என்று நினைத்தபோது சமையலறைக் கதவு அடித்துக்கொண்டது. உன் அப்பா கைத்தடியோடு, ஒரு காலில் மட்டும் செருப்புடன் வந்துகொண்டிருந்தார். என்ஜினைப் பார்த்தார், லைலைப் பார்த்தார், அந்தக் கெட்ட வார்த்தையைத் தெளிவாகச் சொன்னார். அது மட்டும் இடம் மாறி வரவில்லை. பிறகு கைத்தடியால் வண்டியின் தோளில் ஒரு தட்டுத் தட்டி, "ஒண்ணு" என்றார். இன்னொரு தட்டு, "எட்டு." அப்புறம் "நாலு, மூணு, ஆறு, அஞ்சு, ஏழு, ரெண்டு." நம் வண்டியின் நெருப்பு வரிசை. அதுவரை ஏழு மாதத்தில் அவர் வாயிலிருந்து புதிதாக ஒரு சொல்லும் வரவில்லை, ஜெனெல். அவர் இன்னொரு தரம் முதலிலிருந்து சொல்லச் சொல்ல, நான் வயர்களை ஒவ்வொன்றாக மாட்டினேன். லைல் எதையும் தொடாமல் தள்ளி நின்றார், அதுவும் ஒரு அதிசயம்தான்.

சாவியைத் திருப்பியதும் என்ஜின் சத்தமில்லாமல் ஓடியது. ஒரு சுற்று போய்வரலாமா வேர்ன் என்று, வாய் தவறித்தான் அப்பாவிடம் கேட்டேன். அவர் ஓட்டுநர் கதவின் கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு கையை எடுத்து, வண்டியைப் பிடித்துக்கொண்டே முன்பக்கமாகச் சுற்றிப்போய், மறுபக்கக் கதவை இடது கையால் திறந்து ஏறி உட்கார்ந்தார். லைல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நாயைக் கூப்பிடப் போய்விட்டார்.

நான் ஏறினேன், பெடலுக்குக் கால் எட்டவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்றாக இருக்கும் அந்த நீளச் சீட்டு அவர் உயரத்துக்கு வைத்தபடியே எத்தனையோ வருஷமாகத் துருப்பிடித்துக் கிடக்கிறது. அப்படியே உட்கார்ந்தபோது என்னால் மறைக்க முடியவில்லை. சனிக்கிழமை இதை விக்கறதாப் பேசிட்டேன், நாம ஜெனெல்கிட்டப் போயிடறதா இருக்கோம், உங்ககிட்டச் சொல்லாம இருந்தது தப்பு என்றேன். அவர் "ஆமாம்" என்றார். அது ஆமாமா இல்லையா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது. அவர் என்னைப் பார்க்கவில்லை. என் பக்கம் சீட்டுக்கு அடியில் இருக்கும் நெம்புகோலைக் காட்டினார். நான் அதை இழுத்தேன். அவர் நல்ல காலை ஊன்றி, உடம்பு முழுவதையும் போட்டு உந்தினார். சீட்டு கிறீச்சிட்டுக்கொண்டு மொத்தமாக முன்னால் வந்தது. என் கால் பெடலில் உட்கார்ந்தது. ஆறடி மூன்று அங்குல மனுஷன், அவருடைய முழங்கால் இரண்டும் எதிரே இருக்கும் பெட்டியில் போய் முட்டிக்கொண்டன. அப்படியே உட்கார்ந்து, போகலாம் என்று கையை அசைத்தார். அன்று சாயங்காலமே கடைக்காரருக்குப் போன் செய்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மைல்ஸ் சிட்டி போய்வந்தோம். போக அறுபத்திரண்டு, வர அறுபத்திரண்டு. பயிற்சி தருகிற பெண் எல்லாம் கேட்டுக்கொண்டாள். "இதை வெச்சு பேச்சு திரும்பிடும்னு நினைச்சுக்காதீங்கம்மா, ஜெபம் மாதிரி மனப்பாடமா இருக்கறது மூளையில தனியாத் தங்கிடும்" என்று பொறுமையாகச் சொன்னாள். உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்றேன். திரும்பப் பேசுவாரோ மாட்டாரோ, வாரம் ஒருநாள் வருவதாக எழுதிக்கொடுத்துவிட்டோம். ஆக, நீ கேட்ட முடிவு இதுதான். நாங்கள் வரவில்லை. பின் ரூமில் உன் தையல் மெஷினைப் போட்டுக்கொள். வருத்தப்படாதே, நீ கூப்பிட்டதே எனக்குப் பெரிய ஆறுதல். ரோடு பனியில் மூடிவிட்டால் அந்த வாரம் போகமாட்டேன், வீரம் காட்டமாட்டேன், அதை எழுத்திலேயே தருகிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் தீர்க்காயுசாக, ஒருவருக்கொருவர் துணையாக இருக்கக் கடவுள் அருள்புரியட்டும். உன் காரில் ஆயில் மாற்றி எத்தனை நாளாயிற்று என்று பார். ஞாயிறு போனில் அப்பாவிடம் ஆமாமா இல்லையா என்று பதில் வருகிற கேள்வியாகக் கேட்காதே, உன் கதையை நீ சொல்லிக்கொண்டிரு, அவர் கேட்பார். அப்பாவின் முழங்காலில் நீலம் பாய்ந்திருக்கிறதே என்று நேற்று லைல் ஒரு தலையணை கொண்டுவந்தார், அதை என் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டால் சீட்டைப் பழையபடி தள்ளிவிடலாம் என்று. அப்பா அதை வாங்கிப் பார்த்துவிட்டு நாய்க்குப் போட்டுவிட்டார்.

என்றும் அன்புடன்
உன் அம்மா
ஆர்டிஸ்